கேம்பிரிட்ஜ் சாமர்வில் சிறுவர் ஆராய்ச்சி

நம் சங்கத்து அன்பர்கள் கோடை விடுமுறையிலே சிறுவர்க்கு வகுப்பும் விளையாட்டும் நடத்தல் வேண்டுமென ஆண்டுதோறும் பேசுகின்றனர், நடத்தியும் வருகின்றனர். அவற்றால் விளைந்த பயன் யாதென்று பின்னர் எவரும் வினவக் காண்கிலேம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அவ்வினாவை முன்னரே எழுப்பி, விடை காண ஏறத்தாழ நாற்பதாண்டு சென்ற சரித்திரம் ஒன்றுண்டு. அதனை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பாஸ்டன் நகரத்து வைத்தியராகிய ரிச்சர்டு காபட் என்பார், நல்லார் ஒருவரது நட்பு வாய்ப்பின் சிறுவர் தீநெறி செல்லார் என நம்பினார். அந்நகரை அடுத்த கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் ஊர்களினின்றும், பொல்லாதவரெனக் குறிக்கப்பட்டாரும் இயல்பாயிருந்தாருமாக 506 சிறுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். வயது, குடும்பநிலை முதலியவற்றால் ஒத்தாரை இருவர் இருவராக இணைத்து, ஒவ்வோரிணையிலும் எவனுக்கு உதவுவதென்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தனர். இது வன்னெஞ்சர் செயலென்று சிலர் கருதலாம். யாமும் முதற்கண் அவ்வாறே கருதினோம். ஆயினும் உதவி பெறாதான் ஒருவன் ஒப்புநோக்குதற்கு இல்லாவிடின், உதவி பெற்றானது பிற்கால நிலை உதவியால் வந்ததோ, வயதேறியதனால் வந்ததோ என்பதை எங்ஙனம் அறிவது?

1939-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வேற்பாடு 1945-இல் முடிந்தது. காபட் தொடங்கிய ஆண்டிலேயே காலஞ்சென்றார். ஆலோசகர்கள் 253 சிறுவர்தம் இல்லங்களுக்கும் மாதம் இருமுறை அளவிற் சென்று வந்தனர். பாதிக்கு மேற்பட்டார்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தனர்; நூற்றுவர்க்கு மேற்பட்டார்க்கு வைத்திய உதவி கிடைத்தது; கால் பங்கினர் வேனிற்கால முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்; சாரணர் இயக்கம் முதலியவற்றிலும் பலர் தொடர்பு பெற்றனர்.

1975-இல் ஜோன் மக்கார்டு என்னும் அம்மையார், நடுவயதடைந்துவிட்ட அவர்களைத் தேடப் புகுந்தார். உதவி பெற்றோரை வினவியபோது, விடையளித்தாருள் மூன்றில் இரண்டு பங்கினர் அதனால் நன்மையே எய்தினோம் என்றனர். ஆனால் அவர் நீதிமன்ற ஏடுகளையும் வைத்தியசாலை ஏடுகளையும் புரட்டி 1978-இல் வெளியிட்ட முடிவோ வேறு. உதவி பெற்றோர் எதனிலும் மேம்பட்டிலர். மீண்டும் குற்றஞ்செய்தல், குடிப்பழக்கம், இளமையில் இறத்தல் முதலிய சிலவற்றில் மற்றவரினும் தாழ்ந்தே நின்றனர்.

இதனைப் படித்தபோது எமக்கு நாணம் உண்டாயிற்று. ஒரு கோடையில் இருபது பிள்ளைகட்கு மாலை வகுப்பு நடத்தி, இறுதிநாளிலே, "பயன் பெற்றீரா?" என யாம் கேட்க, இருபதின்மரும் கைதூக்கினர். அதனையே சான்றாகக் கொண்டு அறிக்கையும் எழுதிவிட்டோம்! வாத்தியார் முன்னிலையில் எந்தப் பிள்ளைதான் கைதூக்காதிருப்பான்?

நல்லெண்ணம் தீங்காய் முடிந்தது எற்றாலோ எனின், அம்மையாரும் பிறரும் 1999-இல் ஒரு காரணம் காட்டினர். தீங்கு பெரும்பாலும் முகாமுக்கு ஒருமுறைக்கு மேற் சென்றாரிடத்தே காணப்பட்டது. அங்கே ஒத்த வயதினர் பலர் கூடித் தம் குறும்புகளைச் சொல்ல, மற்றையோர் நகைத்து ஊக்கியிருத்தல் கூடும் என்பது அவர் கருத்து. யாம் வகுப்பறையின் பின்வரிசையை நெடுநாள் கண்டவராதலின், இதனை எளிதில் மறுக்கமாட்டேம்.

வருகின்ற கோடை வகுப்பிற் சேரும் பிள்ளைகளின் பெயரோடு, இடமின்மையாற் சேர்க்கவியலாத பிள்ளைகளின் பெயரையும் பதிவேட்டில் எழுதிவைக்குமாறு சங்கச் செயலாளர் அவர்களுக்கு விண்ணப்பித்துள்ளோம்.