ஊசித்துளையும் எஞ்சினின் மூச்சும்

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஒரு பெண்மணி தம் புதல்வர் இருவருடன் மூன்று சில்லு மோட்டார் வண்டியொன்றிற் புறப்பட்டார். அவர் பெயர் பேர்த்தா பென்ஸ். வண்டியை ஆக்கியவர் அவர்தம் கணவர் கார்ல் பென்ஸ். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள போர்ட்ஸ்ஹைம் நகர்வரை சென்ற அப்பயணமே, மோட்டார் வண்டியில் நிகழ்ந்த முதல் நெடும்பயணம் எனப் போற்றப்படுகின்றது. வழியில் எரிபொருள் குறைந்தபோது, வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக்கடையிலே, துணிக்கறை நீக்க உதவும் லிக்ரோயின் என்னும் பெற்றோலிய நீர்மத்தை அவர் வாங்கினார். எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டபோதோ, தம் தொப்பியிற் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி அடைப்பை நீக்கினார் என்பர்.

அந்த இடர் அன்றோடு ஒழிந்துவிடவில்லை. கமங்களில் உழைக்கும் பழைய நான்கு சில்லு மோட்டார் சைக்கிளொன்று, ஓடும்போது நன்றாக ஓடி, நிறுத்தியவுடன் விக்கி அணைந்துபோகுமாயின், அதற்கும் பெரும்பாலும் ஓர் அடைப்பே காரணமாகும். வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் சுமையின்றி மெல்ல ஓடும் நிலையை வெற்றோட்டம் எனலாம். விரைந்து ஓடுதல் அரிது, மெல்ல ஓடுதல் எளிது என்றே எவரும் கருதுவர். காபரேற்றர் என்னும் கருவியின் வரலாறோ இதற்கு மாறானதைக் கூறுகின்றது.

பெற்றோல் எஞ்சினுள் செவ்வனே எரிவதற்கு, அதன் நிறையைப் போல ஏறக்குறைய 15 மடங்கு காற்று அதனுடன் கலத்தல் வேண்டும். இக்கலவையை ஆக்கித் தருவதே காபரேற்றரின் பணி. பென்ஸின் முதல் வண்டியிலே, எரிபொருளின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்து எஞ்சினைச் சென்றடைந்தது. இலேசான கூறுகள் முதலில் ஆவியாகப் பாரமானவை எஞ்சி நின்றன. வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்பக் கலவை மாறிற்று. 1893ஆம் ஆண்டில் ஹங்கேரியரான டொனாட் பாங்கி, யானோஸ் சொங்கா ஆகிய இருவரும், ஜெர்மனியரான வில்ஹெல்ம் மைபாக்கும் இக்குறைக்குத் தீர்வு கண்டனர். எரிபொருளை ஆவியாக விடாது, ஒரு சிறு துளைமுனை வழியே காற்றோட்டத்தினுள் தூவலாகச் செலுத்துவதே அவர்கள் கண்ட வழி.

இத்தூவலுக்கு ஆதாரமான உண்மையோ அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வெளிப்பட்டிருந்தது. ஒடுங்கிய வழியில் விரைந்து பாயும் பாய்பொருளின் அமுக்கம் குறையும் என்பதை, இத்தாலியரான ஜொவானி பத்திஸ்தா வெந்தூரி 1797இல் வெளியிட்ட ஆய்வினால் விளக்கினார். காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்தில் அமுக்கம் குறையவே, துளைமுனையிலிருந்து பெற்றோல் மேலெழுந்து காற்றோடு கலக்கின்றது.

ஆயின் காற்று விரைந்து பாயும்போது மட்டுமே இவ்விதி துணைசெய்யும். ஓட்டுபவர் விசையை விட்டவுடன் காற்றுவாயில் ஏறக்குறைய மூடிக்கொள்கின்றது. கழுத்தில் காற்று தளர்கின்றது. பெரிய துளைமுனை ஓய்ந்துவிடுகின்றது. ஒரே துளை எல்லா வேகத்துக்கும் போதாது என்பதைப் பொறியியலாளர் இவ்வாறு கற்றனர். ஆதலின் மூடிய வாயிலுக்கு அப்பால், எஞ்சின் வலிந்து உறிஞ்சும் இடத்திலே, தனியானதொரு நுண்வழியை அமைத்தனர். அதற்குரிய பித்தளைத் துளைமுனையின் துவாரம், பெரும்பாலான சிறு எஞ்சின்களில் அரை மில்லிமீற்றருக்கும் குறைவானது. வெற்றோட்டம் முழுவதும் அத்துவாரத்தையே நம்பியிருக்கின்றது.

1970ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனத்தார் பருத்த றப்பர்ச் சில்லுகள் மூன்றுடைய வண்டியொன்றை அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டனர். 1982இல் சுசுகி நிறுவனத்தார் நான்கு சில்லு வண்டியை வெளியிட்டனர். மூன்று சில்லு வண்டிகள் எளிதிற் கவிழ்ந்து பலர்க்கு ஊறு விளைத்தமையால், 1988இல் அரசோடு செய்த உடன்பாட்டின்படி அமெரிக்காவில் அவற்றின் புது விற்பனை நின்றது. நான்கு சில்லுகளே நிலைத்தன. இவ்வண்டிகள் பருவத்துக்கு உழைத்து, பின்னர் மாதக்கணக்கிற் கொட்டிலில் நிற்பவை. நிற்குங் காலத்தில் பெற்றோல் உலர்ந்து பிசினாகப் படிகின்றது. முதலில் அடைபடுவது அந்த நுண்துவாரமே.

சோக்கை இழுத்தால் மட்டும் வண்டி ஓடுமாயின், பெற்றோல் குறைவாகவோ காற்று மிகையாகவோ செல்கின்றது என்பது புலனாகும். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள றப்பர் இணைப்பு வெடித்திருப்பினும் இக்குறியே தோன்றும். அதையும் பார்த்தல் வேண்டும். அடைப்பாயின், துளைமுனையைக் கழற்றிக் கழுவுதிரவத்தில் ஊறவைத்து, அழுத்தக் காற்றினால் ஊதி, துவாரத்தினூடே வெளிச்சம் தெரிகின்றதா என நோக்குதல் நன்று. பேர்த்தாவின் ஊசி இங்கு உதவாது. உருக்குக் கம்பி பித்தளைத் துவாரத்தைப் பெருப்பித்துக் கலவையைக் கெடுத்துவிடும்.

இவ்வுழைப்பைத் தவிர்க்க விரும்புவோர், வேகத்தை உயர்த்தும் திருகாணியைத் திருகி எஞ்சினை அணையாது ஓடச் செய்வதுண்டு. அது நோயை மறைக்கும் செயல். இவ்வகை வண்டிகள் பலவற்றின் கிளச்சு, எஞ்சினின் சுழற்சி விரைந்தவுடன் தானே பற்றிக்கொள்வது. கியரில் நிற்கும் வண்டி, ஓட்டுபவர் விசையைத் தொடாதபோதும் முன்னகரத் தொடங்கும். சரிவிலோ, எதிரே ஒருவர் நிற்கும் இடத்திலோ, அதனால் விளையும் கேடு சிறிதன்று. ஆதலின் துவாரத்தைத் துப்புரவு செய்த பின்னரே அத்திருகாணியைத் தொடுதல் முறை.

1990ஆம் ஆண்டளவில் புதிய கார்களிலிருந்து காபரேற்றர் பெரும்பாலும் விடைபெற்றது. மின்னணுக் கருவி அளந்து பெற்றோலைப் பீச்சும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. எனினும் பழைய எஞ்சின்கள் இன்னும் உழைக்கின்றன. அவற்றுட் பல, தேய்ந்துபோனவை எனக் கழித்து ஒதுக்கப்படுகின்றன. ஒரு மயிரிழை அளவான துவாரம் திறக்கப்பட்டால், அவையும் மீண்டும் அமைதியாக மூச்சுவிடும்.