நெட்சுகே சிற்பங்களில் ஏழு நற்பேற்றுத் தெய்வங்கள்

ஷிச்சிஃபுகுஜின் என்பது நற்பேறு தருவதாக ஜப்பானியர் நம்பும் ஏழு தெய்வங்களின் பொதுப்பெயர். எபிசு, தைக்கொக்குத்தென், பிஷமொன்தென், பென்சைத்தென், ஃபுகுரொகுஜு, ஜுரோஜின், ஹொத்தேய் ஆகியோர் அவ்வெழுவர். எடோ காலத்தில் (1603–1868) இவர்களது உருவங்கள், உள்ளங்கையில் அடங்கும் ‘நெட்சுகே’ எனும் சிறு சிற்பங்களாகவும் செதுக்கப்பட்டன.

தெய்வங்களின் தோற்றம்

எழுவரில் மீனும் தூண்டிலும் ஏந்திய எபிசு மட்டுமே ஜப்பானின் சொந்தத் தெய்வம். ஹொத்தேய், ஃபுகுரொகுஜு, ஜுரோஜின் ஆகிய மூவரும் சீன மரபிலிருந்து வந்தவர்கள். மற்ற மூவரின் மூலம் இந்தியா. வீணைக்குப் பதிலாக ‘பீவா’ எனும் நரம்பிசைக் கருவியை ஏந்திய பென்சைத்தென், சரசுவதியே. பிஷமொன்தென், குபேரன் எனப்படும் வைசிரவணன். தைக்கொக்குத்தென், மகாகாளன். இந்தியாவில் அச்சமூட்டும் தோற்றமுடைய மகாகாளன், ஜப்பானில் ஒகுனினுஷி என்ற உள்நாட்டுத் தெய்வத்துடன் கலந்து, நெல் மூட்டைகளின்மேல் மரச்சுத்தியலுடன் நின்று சிரிக்கும் செல்வக் கடவுளானார்.

பயன்பாடும் வடிவமும்

கிமோனோ உடையில் தனிப் பைகள் தைக்கப்படுவதில்லை. எனவே ஆண்கள் புகையிலைப் பை, மருந்துச் செப்பு போன்றவற்றைக் கயிற்றில் கட்டி இடைக்கச்சையில் தொங்கவிட்டனர். கயிறு நழுவாமல் மேல்முனையில் தடுத்து நிறுத்தியது நெட்சுகே. துணியில் சிக்காதிருக்க அதன் விளிம்புகள் மழுங்கலாக இருக்க வேண்டும். ஹொத்தேயின் உருண்டை வயிறு இதற்கு இயல்பாகவே பொருந்தியது. கோயிலில் வணங்கப்பட்ட தெய்வங்கள் இவ்வாறு அன்றாடப் புழங்குபொருளாகி, மக்களோடு சேர்ந்து சிரிப்பவர்களாயினர்.

1781-இல் ஒசாகாவில் வெளியான ‘சோகென் கிஷோ’ என்ற நூல் 53 நெட்சுகே சிற்பிகளைப் பட்டியலிட்டுள்ளது. ஆயினும் பல சிற்பங்களில் செய்தவர் பெயர் இல்லை.

பிற்கால நிலை

1868-இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபின் மேலைநாட்டு உடைகள் பரவின. நெட்சுகேயின் தேவை குறைந்தது. பழைய சிற்பங்கள் பெருமளவில் ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் சென்றன. அவர்களுக்காகவே புதியனவும் செய்யப்பட்டன. மரத்துடன் யானைத் தந்தமும் இக்கலைக்குப் பயன்பட்டதால், ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989-இல் முடிவாகி 1990-இல் நடைமுறைக்கு வந்த தடை, பழஞ்சிற்பங்களின் விற்பனையையும் பாதித்தது.

பழமையை மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது கயிறு நுழையும் துளைகளையே. நெடுநாள் புழங்கிய நெட்சுகேயில் துளையின் விளிம்பு கயிறு உரசித் தேய்ந்திருக்கும். கைபட்ட இடங்கள் மெருகேறியிருக்கும். இத்தேய்மானத்தையும் செயற்கையாக உண்டாக்க முடியும் என்பதால், செதுக்குமுறை, மூலப்பொருள், கைமாறிய வரலாறு ஆகியவையும் சேர்த்தே ஆராயப்படுகின்றன.