நாவலும் வாசகர் நாவும்

யாழ்ப்பாணத்திலே இருவர் சந்தித்தால், "என்ன புதினம்?" என்று ஒருவரையொருவர் வினவுவது வழக்கம். புதினம் என்பது எங்கள் பேச்சில் செய்தியைக் குறிக்கும். தமிழகத்தாரோ அச்சொல்லை நாவலுக்குப் பெயராக வழங்குகின்றனர். இவ்விரு வழக்கும் தம்முள் உறவுடையன என்றே எண்ணத் தோன்றுகிறது. செய்தி கேட்டவன் அதனைத் தன்னளவில் வைத்துக்கொள்வதில்லை, அயலானுக்குச் சொல்கிறான். நாவல் வாசிப்பவனும் அத்தகையவனே. பாதிக் கதையில் நிற்கும்போதே, "நான் இன்ன நூல் வாசிக்கின்றேன், அதில் இன்னவள் செய்தது சரியா?" என்று கேட்டுவிடுகிறான். இந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் சில படிகளை இன்று நோக்குவோம்.

நாவல் வருவதற்கு முன்னரே, கூடியிருந்து நூல் பயிலும் முறை எங்கள் நாட்டில் வேரூன்றியிருந்தது. கோயில்களிலே கந்தபுராண படனம் நிகழும்போது ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்வார், ஊரவர் கேட்டிருப்பர். எழுத்தறியாதாரும் செவிவழியாகப் பெருங்காப்பியச் சுவையை நுகர்ந்தனர். ஆயினும், அங்கே பொருள் கூறும் உரிமை கற்றவர்க்கே உரியது. கேட்போர் உருகலாம், வியக்கலாம். சூரபன்மனின் செயலைப் பற்றித் தம் தீர்ப்பைச் சபையிலே எடுத்துரைக்கும் வழக்கம் இல்லை.

நாவல் இந்த நிலையை மாற்றியது. வேதநாயகம்பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1885இல், இலங்கையில் சித்திலெவ்வை அசன்பேயுடைய கதையை வெளியிட்டார். திருகோணமலை இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை 1891இலும், அவ்வூரிற் பிறந்த சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இலும் தோன்றின. இவற்றின் களங்கள் எகிப்திலும், ஐரோப்பாவிலும், நாயக்கர் காலத்துத் தமிழகத்திலும் அமைந்தவை. எங்கள் வாசகன் அவற்றைத் தூரதேசத்து அதிசயமாகப் படித்திருக்கலாம். தன் வீட்டு முற்றத்தை அவற்றிற் காண அவனுக்கு வாய்ப்பில்லை.

அந்த வாய்ப்பைத் தந்தவருள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் ஒரு பெண்மணி. மங்களநாயகம் தம்பையாவின் நொறுங்குண்ட இருதயம் 1914இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் சீதனமும் பெற்றோர் விருப்பமும் மணவாழ்வை எவ்வாறு ஆட்டிப்படைத்தன என்பதையும், கணவன் கொடுமையை ஒரு மனைவி தாங்கிய விதத்தையும் அந்நூல் பேசிற்று. இத்தகைய கதைக்குப் பயன் சொல்லப் பண்டிதர் வேண்டுவதில்லை. சீதனம் என்ற சொல்லின் பாரத்தை அறிந்த எந்தத் தாயும் அதற்கு உரையாசிரியையாகலாம். உடுவிலில் 1824இலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை எழுந்துவிட்டது. மருதனார்மடத்திலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மகளிர் கல்லூரி நிறுவினார். அணித்தே அமைந்த இவ்விரு கல்விக்கூடங்களும் நாவலுக்கு வேண்டிய ஒன்றை ஆக்கித் தந்தன. அதாவது, தாமே நூலெடுத்து வாசிக்கவல்ல பெண்களை.

அடுத்த படி பத்திரிகையால் அமைந்தது. 1920களில் இந்து சாதனத்தோடு தொடர்புடைய திருஞானசம்பந்தபிள்ளை காசிநாதன் நேசமலர் முதலிய நாவல்களை எழுதினார். 1930இல் நா. பொன்னையா ஈழகேசரியைத் தொடங்கினார். அப்பத்திரிகை 1958 வரை சுன்னாகத்திலிருந்து வெளிவந்தது. மருதனார்மடத்துக்கு அது கூப்பிடு தூரம். வாசிகசாலை மேசையில் ஒரே பத்திரிகையைப் பலர் முறைவைத்து வாசிப்பர். தொடர்கதையின் இவ்வார முடிவுக்கும் அடுத்த வாரத் தொடக்கத்துக்கும் இடையிலுள்ள ஏழு நாளும் வாசகருக்குரியவை. அந்த நாட்களிலே கதையை நடத்துபவர் அவர்களே.

வாசகர் சொல்லுக்கு எழுத்தாளர் செவிசாய்த்த நிகழ்ச்சியும் உண்டு. 1950இல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் கல்கி இதழில் வந்த பொன்னியின் செல்வன் முடிந்தபோது, பாத்திரங்களின் பிற்கால வரலாறு யாது என்று வாசகர் கேட்கலாயினர். ஆசிரியர் அதனை அலட்சியம் செய்யவில்லை; முடிவுரை எழுதி விடை கூறினார். இன்று அந்நூலைக் கையிலெடுப்பவர் அம்முடிவுரையையும் வாசிக்கின்றனர். பெயர் அறியப்படாத பலருடைய வினாக்கள் அவ்வாறு நூலின் ஓரங்கமாயின.

எனினும், வாசகர் என்னும் சொல்லுக்குள் எல்லாரும் எக்காலத்தும் அடங்கியிருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. கோயில் வாயிலிலே தடுக்கப்பட்டவன் புராண படனத்தை எங்ஙனம் அருகிருந்து கேட்டிருப்பான்? தேநீர்க்கடையிலும் சமமாக அமர இடம் பெறாதவன் இலக்கியச் சபையில் எங்ஙனம் பேசியிருப்பான்? கே. டானியலின் பஞ்சமர் 1972இல் வெளிவந்தபோது, அம்மக்களுடைய வாழ்வும் போராட்டமும் நாவலின் நடுவிடத்துக்கு வந்தன. கலையமைதி குறைந்தது என்று அந்நாவலைக் குறைகூறினாரும் உளர். உண்மை நிறைந்தது என்று போற்றினாரும் உளர். இவ்விரு திறத்தாரும் வாய்திறந்து பேசியதே பெரும்பயன். ஒரு நாவலைப் பற்றிய பேச்சு, யார் பேசலாம் என்ற வழக்காகவும் மாறக்கூடும் என்பதை அது காட்டிற்று.

இவ்வளவு பேச்சும் எங்கே போயிற்று? வரலாறு பயிற்றுவோரை உறுத்தும் வினா இதுவே. நூலாசிரியர் பெயரும் பதிப்பாண்டும் எஞ்சியுள்ளன. 1914இல் நொறுங்குண்ட இருதயத்தை வாசித்த பெண் என்ன நினைத்தாள் என்பது எஞ்சவில்லை. நூல்களுக்கே இங்கு உறுதி இல்லாமற் போயிற்று. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பின்னர் நீண்ட போரிலே இடம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற வீட்டு அலுமாரிகளும் அழிந்தன. எஞ்சிய ஏடுகளை 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம முயற்சி தொகுத்து வருவது ஆறுதல் தருகிறது. அச்சேறியதை அவ்வாறு காக்கலாம். சொல்லிக் காற்றோடு போனதை எவ்வாறு மீட்பது?

ஆதலின், நேயர்களே, நீங்கள் இப்பொழுது வாசிக்கும் நாவலை முடித்தபின் ஒரு கொப்பியிலே மூன்று வரி எழுதுங்கள். எந்த நாளில் வாசித்தீர்கள், யாருடைய செயல் உங்களை வருத்திற்று, எவ்விடத்தில் ஆசிரியரோடு மாறுபட்டீர்கள் என்று குறியுங்கள். பண்டிதர் நடை வேண்டியதில்லை. வீட்டில் முதியோர் இருப்பின், அவர்கள் இளமையில் வாசித்த கதை எது என்று கேட்டு அதனையும் எழுதிவையுங்கள். கேட்பதை நாளைக்கென்று ஒத்திவைக்க வேண்டாம்.