ஜவ்வு கிழிஞ்சிருக்கா? கணுக்கால் ஸ்கேன் வந்த கதை

1/
பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கும்போது கால் மடங்கிடுச்சுனு வெச்சுக்கோங்க. கணுக்கால் வீங்கிடுச்சு. எக்ஸ்ரே பார்த்துட்டு "எலும்பு நல்லா இருக்கு, ஜவ்வுலதான் அடி" என்கிறார் டாக்டர்.
அடுத்து நீங்க கேட்பது: "அப்போ எம்ஆர்ஐ எடுத்துடலாமா சார்?"
பதிலுக்கு முன்னாடி ஒரு சின்ன வரலாறு.

2/
நாம ஜவ்வுனு சொல்றது லிகமென்ட். எலும்போடு எலும்பைக் கட்டி வைக்கும் நார். கணுக்காலின் வெளிப்பக்கம் இப்படி மூன்று உண்டு. பெரும்பாலும் முதலில் கிழிவது முன்பக்கத்தது. அதன் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர்தான்.
1895ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது, ஜவ்வு தெரியவில்லை.

3/
இதுக்கு ஒரு விதிவிலக்கு நம்ம மாவட்டத்திலேயே இருக்கு. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமான ஊர்களில் பல வருஷம் அந்தத் தண்ணியைக் குடித்தவர்களுக்கு ஜவ்வே சுண்ணாம்பு படிந்து இறுகி, எக்ஸ்ரேயில் எலும்பு மாதிரி தெரியும். எலும்பைப் பாதிக்கும் இந்த ஃப்ளோரோசிஸ் பற்றி 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இங்கே தொடங்கி வைக்கப்பட்டது 2013ல்.
ஆக, நல்ல ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. கெட்டுப்போனால்தான் தெரியும்!

4/
1960களில் ஸ்வீடன் அறுவை மருத்துவர் பிராஸ்ட்ரோம், சுளுக்கிய கணுக்காலுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். மருந்து வெளியே கசிந்தால் எங்கேயோ கிழிசல்னு அர்த்தம். ஓட்டை தெரிந்ததே தவிர, ஜவ்வு தெரியவில்லை.

5/
1973ல் அமெரிக்காவின் லாட்டர்பர், காந்தப் புலத்தைக் கொண்டு தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்களைப் படம் பிடித்தார். 1977ல் இங்கிலாந்தின் மேன்ஸ்ஃபீல்டு குழு மனித விரலின் குறுக்குவெட்டைக் காட்டியது. 2003ல் இருவருக்கும் நோபல்.
இந்தியாவுக்கு எம்ஆர்ஐ வந்தது 1986ல், தில்லி இன்மாஸ் நிறுவனத்தில். தருமபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2008லதான்.

6/
எம்ஆர்ஐயில் ஜவ்வு கறுப்புக் கோடாகத் தெரியும். கிழிந்தால் கோடு அறுந்து, நடுவில் நீர் வெள்ளையாகத் தெரியும். சுலபமா இருக்குல்ல? இல்லீங்க.
நார்கள் காந்தப் புலத்துக்குச் சுமார் 55 டிகிரி சாய்வில் இருந்தால், நல்ல நாரும் வெளுத்துத் தெரியும். இதன் பெயர் 'மேஜிக் ஆங்கிள்'. கணுக்காலைச் சுற்றி எல்லாமே வளைந்து போவதால் இந்த ஏமாற்று இங்கே அதிகம்.

7/
பாதத்தை எப்படி வைக்கிறோம் என்பதும் முக்கியம். 1992ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது: பாதத்தைக் கொஞ்சம் மேல்நோக்கி மடக்கினால் முன்பக்க ஜவ்வு முழுசா ஒரே படத்தில் வரும். 40-50 டிகிரி கீழ்நோக்கி நீட்டினால் குதிகாலுக்குப் போகும் ஜவ்வு வரும்.
இன்றைய முப்பரிமாண முறையில் ஒருமுறை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் எந்தக் கோணத்திலும் வெட்டிப் பார்க்கலாம். ஆனாலும் ஸ்கேன் எடுக்கும்போது டெக்னீஷியன் "காலை அசைக்காதீங்க"னு சொன்னா அசைக்காதீங்க, ப்ளீஸ்.

8/
அதே 1992ல்தான் கனடாவில் ஒட்டாவா விதிகள் வந்தன. அடிபட்ட உடனேயும் டாக்டர் முன்னாடியும் நாலு அடி நடக்க முடியலையா? கணுக்கால் முட்டியின் பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பைத் தொட்டால் வலிக்குதா? ரெண்டில் ஒண்ணு இருந்தாலும் எக்ஸ்ரே எடுங்க. இதுக்கு மெஷின் வேண்டாம், விரல் போதும்.

9/
இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். பெரும்பாலான ஜவ்வுக் கிழிசல் ஓய்வு, ஐஸ், கட்டு, பிறகு முறையான பயிற்சியிலேயே ஆறிடும். முதல் நாளே நகையை அடகு வெச்சு எம்ஆர்ஐ எடுக்கத் தேவையில்லை.
ஆனா 6-8 வாரம் ஆகியும் வலி போகலைனா, நடக்கும்போது கால் திரும்பத் திரும்ப மடங்கினா, "வெறும் சுளுக்குதானே"னு விட்டுடாதீங்க. ஸ்கேன் உண்மையிலேயே உதவுவது அப்போதான். அப்படியே விட்டால் மூட்டே தேய்ந்து போகலாம்.

10/
இவ்ளோ பெரிய காந்தம் 2 மில்லிமீட்டர் நாரைக் காட்டும். அதை எப்போ பார்க்கணும்னு சொல்ல, உங்க காலைத் தொட்டுப் பார்க்கிற ஒரு டாக்டர் வேணும். தொட்டுப் பார்க்காமலே ஸ்கேன் எழுதினால், "ஏன் சார்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. அது உங்க உரிமை.