லாக்-அவுட் பட்டன் இல்லாத ஊர்

மக்களே, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2020 லாக்டவுன். பெங்களூர் ரூமைக் காலி பண்ணிட்டு ராஜபாளையம் வீட்டு மாடியில ஒர்க் ஃப்ரம் ஹோம். பகல்ல ஆபீஸ், ராத்திரி ஆன்லைன் கேம், அது முடிஞ்சா அனிமே. அதுவும் கேமுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க கதையாப் பாத்து. "நாள்பூரா பொட்டியைப் பாக்குற, ராத்திரி பொட்டிக்குள்ள இன்னொரு பொட்டியாடா?"ன்னாங்க அம்மா. நியாயமான கேள்விதான். பதில் தேடுனா வரலாறு ரொம்ப தூரம் போகுது.

1997ல 'அல்டிமா ஆன்லைன்' வந்துச்சு. ஆயிரக்கணக்கான பேர் ஒரே கற்பனை உலகத்துல ஒண்ணா வாழலாம்னு ஆச்சு. 2002ல ஜப்பான் டிவியில '.ஹேக்//சைன்'. லாக்-அவுட் ஆக முடியாத சுகாசாவோட கதை. சண்டையை விடப் பேச்சுதான் அதிகம். அதே வருஷம் ரெகி கவஹாரா 'சோர்ட் ஆர்ட் ஆன்லைன்' கதையை இணையத்துல எழுத ஆரம்பிச்சார். 2009ல புத்தகம், 2012ல அனிமே. நூறு தளக் கோட்டைக்குள்ள 10,000 பேர். உள்ள செத்தா வெளியேயும் சாவு. 2013ல வந்த 'லாக் ஹொரைசன்'ல மெனுவைத் தட்டிச் சமைச்சா சாப்பாட்டுல ருசியே இருக்காது. கையால சமைச்சாத்தான் ருசி!

கவனிச்சீங்களா? நிஜத்துலருந்து தப்பிச்சு ஓடுற கதைன்னா, அங்கேயும் எதுக்கு சாவும் சமையலும்? நாம செய்யற காரியத்துக்கு ஒரு கனம் வேணும், அதான் ஈர்ப்புன்னு எனக்குத் தோணுது. ஆபீஸ்ல நான் மூடுற டிக்கெட் யாருக்குப் போகுதுன்னே தெரியாது. அங்க ஒருத்தன் கேடயம் பிடிக்கலைன்னா பக்கத்துல இருக்கறவன் காலி.

இதெல்லாம் ஜப்பான்காரங்க சரக்குன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். அந்த மார்கழியில அம்மா விடியக்காலையில எழுப்பி ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிட்டுப் போனாங்க. திருப்பாவை காதுல விழுந்தப்ப பொறி தட்டுச்சு.

ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால இந்த ஊர்ப் பொண்ணு ஆண்டாள் என்ன பண்ணினாங்க? வில்லிபுத்தூரே ஆயர்பாடி, தோழிகள் ஆய்ச்சியர், வடபத்ரசாயி கோயில் நந்தகோபன் மாளிகை, தானும் ஓர் இடைப்பெண். உரைகாரங்க இப்படித்தான் விளக்குவாங்க. இடைப்பெண்ணாவே மாறிப் பாடினது 30 பாசுரம்.

அதோட அமைப்பைப் பாருங்க. முதல்லயே விதிமுறை: நெய், பால் கிடையாது, மை, பூ கிடையாது. ஆறாம் பாசுரத்துலருந்து பதினஞ்சு வரைக்கும் தூங்குற பொண்ணுங்களை எழுப்பி பார்ட்டி சேர்க்கிறாங்க. பதினாறுல வாயில்காப்போன். இருபத்தேழுல பரிசு: நகை, புதுத்துணி, நெய் வழியுற பால்சோறு. இருபத்தொன்பதுல திருப்பம்: கேட்டு வந்த பறை முக்கியமே இல்ல, எப்பவும் உன்கூட இருக்கறதுதான் வேணும்கிறாங்க. கடைசியில திருவரங்கத்துல பெருமாளோட கலந்துட்டாங்கன்னு ஐதீகம். அதாவது லாக்-அவுட்டே கிடையாது.

அந்த உலகம் பொய்யின்னு யாராவது சொல்லுவாங்களா? ஊரே இன்னிக்கும் மார்கழியில அதுக்குள்ளதானே எழுந்திரிக்குது!

எங்க கில்டுல ஹீலரா ஒருத்தர் இருந்தார். நான் சாகப்போற நேரமெல்லாம் காப்பாத்தினவர். நிஜப் பேரு தெரியாது, ஊரு தெரியாது. 2021 மே மாசத்துக்கு அப்புறம் அவர் பேரு பச்சையாகவே இல்ல. என்ன ஆச்சுன்னு யாரைக் கேக்கறது? ஒரு வாரம் நான் சரியாச் சாப்பிடலை. "ஏன்டா, யாருக்கு என்ன?"ன்னாங்க அம்மா. "கூட இருந்தவர்மா"ன்னேன்.

அதுக்கப்புறம் அம்மா அந்தப் பொட்டிக் கேள்வியைக் கேக்கறதில்ல.

டிஸ்கி: ஆண்டாளைப் போய் கேம் கூட ஒப்பிடலாமான்னு கோவப்படற ஊர்ப் பெரியவங்களுக்கு அரைக் கிலோ பால்கோவா பார்சல் :)