பழுதும் பரிகாரமும்: லினக்ஸ் மேசைக்கணினியில் ஒலி வந்த வரலாறு

ஒரு கருவியைக் கையாள்வோன் அதன் பழுதை நீக்கவும் உரியவனோ என்னும் வினா கணினித் துறையிற் கூர்மையுற்று எழுந்தது ஓர் அச்சுப்பொறியின் பொருட்டாகும். 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்குச் செரொக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்து சேர்ந்தது. அதிற் கடதாசி அடிக்கடி சிக்கியது. முன்னிருந்த பொறியிலும் இக்குறை இருந்ததுண்டு. ஆயின் அங்குப் பணிபுரிந்த றிச்சாட் ஸ்ரோல்மன் அதன் மென்பொருளைத் திருத்தி, கடதாசி சிக்கியவுடன் காத்திருப்போர் அனைவருக்கும் கணினி வழியே அறிவித்தல் செல்லுமாறு செய்திருந்தார். புதிய பொறிக்கு அவ்வாறு செய்ய இயலவில்லை. அதன் மூலநிரல் உடன் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரைக் கேட்டபொழுது, எவருக்கும் கொடுப்பதில்லையென வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். 1983 செப்டெம்பரில் குனு என்னும் கட்டற்ற இயக்கு முறைமையை ஆக்கப்போவதாக ஸ்ரோல்மன் அறிவித்தமைக்கு இம்மறுப்பும் ஒரு காரணமென்பது அவரே பலகாலும் கூறிவந்த செய்தி.

குனுவுக்கு இல்லாதிருந்த உட்கருவைப் பின்லாந்து நாட்டு மாணவரொருவர் அளித்தார். கெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் பயின்ற லினஸ் தோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்னும் முறைமையில் விரும்புவன எவை, வெறுப்பன எவையென அதனைப் பயன்படுத்துவோரை வினவி 1991 ஆகஸ்ட் 25இல் வலைவழி விடுத்த சிறு கடிதமே லினக்ஸின் முதல் அறிவித்தலாயிற்று. அடுத்த ஆண்டில் அது குனு பொது உரிமத்தின் கீழ் வந்தது. அதனை முதலில் ஏற்றுக்கொண்டோர் யாவரும் திருத்துவோராகவும் இருந்தனர். வேறு வழியும் அவர்க்கு இருக்கவில்லை. திரையிற் படம் வருவதற்கே, திரையின் கைந்நூலைப் பார்த்து அதன் அதிர்வெண்களைக் கோப்பொன்றிற் கையால் எழுதவேண்டியிருந்தது. எண் பிழைத்தாற் சில திரைகள் பழுதாகிவிடுமென எச்சரிக்கையும் செய்யப்பட்டது. பிற்காலத்திலே திரையே தன் இயல்பைக் கணினிக்குத் தெரிவிக்கும் முறை பரவியதனால், இன்று இளைஞர் பலர் அத்தகைய கோப்பொன்று இருந்ததையும் அறியார். இத்துன்பம் இவ்வாறு தீர்ந்தது. ஒலியின் கதை அத்துணை எளிதன்று.

அக்காலத்தில் லினக்ஸ் ஆவணத் திட்டத்தார் 'ஹவ்-ரு' என்னும் பெயரிற் செய்முறைக் கையேடுகளை வெளியிட்டு வந்தனர். ஒலிக்கெனவும் ஒரு கையேடு இருந்தது. ஒவ்வொன்றின் தலைப்பிலும் பதிப்பெண்ணும் தேதியும் பொறிக்கப்பட்டிருந்தமை கவனிக்கற்பாலது. 1994இல் 'லினக்ஸ் ஜேர்ணல்' என்னும் சஞ்சிகையும், 1998 ஜனவரியில் 'லினக்ஸ் வீக்லி நியூஸ்' என்னும் வார ஏடும் தோன்றின. உட்கருவின் எப்பதிப்பில் எது மாறிற்று என்பதை இவ்வேடுகள் இடையறாது அறிவித்தன. செய்தி ஒருபுறமும் பரிகாரம் ஒருபுறமுமாகப் பிரிந்துபோகாத காலம் அது.

ஒலியட்டையை இயக்கும் முதல் நிரல்களை 1990களின் தொடக்கத்தில் எழுதியவரும் பின்லாந்தினரே. ஹன்னு சவொலைனன் என்பது அவர் பெயர். ஓ.எஸ்.எஸ். எனப்பட்ட அம்முறையில் ஒலிக்கருவியை ஒருகால் ஒரு செயலியே பற்றிக்கொள்ளக் கூடியதாயிருந்தது. பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்குங்கால் மடல் வந்த மணியோசை கேளாது. மணியோசைக்கெனப் பிறிதொரு செயலி கருவியைப் பற்றியிருப்பின் பாட்டு எழாது. செக் நாட்டவரான யரொஸ்லாவ் கைசெலா 1998இல் தொடங்கிய ஆல்சா என்னும் புதிய முறை, 2003 டிசெம்பரில் வெளிவந்த 2.6ஆம் உட்கருவுடன் பழையதன் இடத்தைப் பெற்றது. அதிலும் ஒரு விநோதம் இருந்தது. அட்டை முற்றும் செம்மையாயிருந்தும் ஒலி வாய்க்கால்கள் யாவும் தொடக்கத்தில் அடைக்கப்பட்டேயிருந்தன! 'ஆல்சாமிக்சர்' என்னும் நிரலைத் திறந்து, வாய்க்காலின் அடியில் 'எம்எம்' என்னும் குறியைக் கண்டு, 'எம்' எழுத்தை அழுத்தி அதனை நீக்கினாலன்றி ஒலி வராது. புதிதாய் வந்தோர் எத்தனையோ பேர் அட்டை பழுதென்றெண்ணி வேறட்டை வாங்கியிருப்பர்.

பல செயலிகளின் ஒலியைக் கலந்து அனுப்புவதற்கு இடைநின்ற பணியாளராக ஒலிச் சேவையங்கள் அமைக்கப்பட்டன. குனோம் மேசைத்தளத்தார் ஒன்றையும், கே.டி.ஈ. மேசைத்தளத்தார் பிறிதொன்றையும் வைத்துக்கொண்டனர். இரண்டும் ஒரே அட்டைக்குப் போட்டியிட்டன. இவ்வழக்கைத் தீர்க்கும் நோக்குடன் ஜேர்மனியரான லெனாட் பொயற்றரிங் 2004இல் ஆக்கத் தொடங்கியதே பின்னர் பல்ஸ்ஓடியோ எனப் பெயர் பெற்றது. 2007 நவம்பரில் பெடோரா 8 அதனை ஏற்றது. 2008 ஏப்ரிலில் உபுந்து 8.04உம் ஏற்றது.

விளைந்தது பெருங் குழப்பம். ஒலி நெரிந்தது, இடையிடையே அறுந்தது, சிலரிடம் முற்றாக நின்றது. காரணத்தைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். முன்னெல்லாம் சிறிதளவு ஒலி ஒலித்து முடியுந்தோறும் அட்டை செயலகத்தைத் தட்டி எழுப்பி மேலும் கேட்கும். பல்ஸ்ஓடியோவின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பொன்று இதனை மாற்றியது. நீண்டதோர் ஒலிப்பகுதியை ஒரே முறையில் நிரப்பிவிட்டு, அட்டை எவ்விடம்வரை ஒலித்திருக்குமென்று கடிகாரத்தைக் கொண்டு மதிப்பிட்டது. மின்சாரம் மிச்சமாயிற்று. ஆனால் அம்மதிப்பீடு பலிப்பதற்கு, தான் நிற்கும் இடத்தை அட்டையின் இயக்கி நிரல் உள்ளவாறு சொல்லுதல் வேண்டும். பொய் சொல்லிய இயக்கிகள் பலவிருந்தன. அதுவரை அப்பொய் எவரையும் பாதிக்கவில்லை. புதிய முறை அதனை அம்பலப்படுத்திற்று. குறை இயக்கிகளுடையதென்றார் ஆக்கியோர். நேற்றுவரை கேட்ட பாட்டு இன்று கேட்கவில்லையே என்றனர் பயன்படுத்துவோர். இரு திறத்தார் கூற்றும் உண்மையே. எனினும், மேசைக்கணினிக்கு மூன்றாண்டு ஆதரவு உறுதியளிக்கப்பட்ட ஒரு வெளியீட்டிலே கனியாத பழத்தைப் பறித்து வைத்த உபுந்து விநியோகத்தாரின் அவசரம் மன்னிக்கத்தக்கதன்று.

இந்நிலையிற் பரிகாரமொன்று வாய்மொழியாய்ப் பரவியது: பல்ஸ்ஓடியோவை அகற்றிவிடுக. ஒற்றை வரிக் கட்டளை. அடித்தவுடன் பலருக்கு ஒலி மீண்டது. 2008இல் அதனைப் பிழையென்று கூறல் அரிது. ஆயின் பழைய கையேட்டின் தலைப்பிலிருந்த தேதி இவ்வரியுடன் செல்லவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் இயக்கிகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன; பல்ஸ்ஓடியோவும் பண்பட்டது. செய்தியேடுகளைப் படித்தோர் இதனை அறிந்தனர். பரிகாரத்தை மட்டும் மனனஞ் செய்தோரோ புதுக்கணினி வாங்குந்தோறும் முதல் வேலையாக அதனை அகற்றிவந்தனர். நோய் நீங்கிய பின்னும் மருந்து நின்றபாடில்லை.

2017 மார்ச்சில் பயர்பொக்ஸ் உலாவியின் 52ஆம் பதிப்பு வெளிவந்தது. ஆல்சாவுடன் நேரே பேசும் வழியை அதன் ஆக்குநர் அடைத்துவிட்டனர். லினக்ஸில் ஒலி வேண்டின் பல்ஸ்ஓடியோ இருத்தல் வேண்டுமென்றாயிற்று. இரு வழிகளையும் பேணுதற்குப் போதிய ஆளில்லை என்பது அவர்தம் நியாயம். ஒன்பதாண்டுகளுக்கு முன் பரவிய அறிவுரையைப் பின்பற்றியோரின் உலாவி அன்று ஊமையாயிற்று. பிற செயலிகள் யாவும் பாட, உலாவி மட்டும் வாய்மூடி நின்றதனால், பழுது எங்குள்ளதென்று காண்பதும் அவர்க்கு எளிதாயிருக்கவில்லை. சினம் பெருகிற்று. சில விநியோகத்தார் அடைக்கப்பட்ட வழியைத் தாமே திறந்து உலாவியைத் தொகுத்தளித்தனர். பல்ஸ்ஓடியோவைப் போல் நடித்து ஒலியை ஆல்சாவிடம் சேர்க்கும் 'ஏபல்ஸ்' என்னும் சிறு நிரலும் சிலருக்குக் கைகொடுத்தது. மூலநிரல் கையிலிருந்தமையால் இவை இயன்றன. ஸ்ரோல்மனுக்கு அச்சுப்பொறியில் வாய்க்காதது இவர்க்கு வாய்த்தது.

அடுத்த மாற்றத்தைக் கொணர்ந்த விம் ரேமன்ஸ் முன்னோர் கதையை நன்கறிந்தவர்போலும். படக்காட்சிகளைச் செயலிகளுக்கிடையே பகிர்வதற்கெனத் தொடங்கி, பின்னர் ஒலியையும் மேற்கொண்ட பைப்வயர் என்னும் அவரது சேவையம், பல்ஸ்ஓடியோவின் மொழியையே பேசியது. செயலிகள் தமக்கு எதிரே நிற்பவர் மாறியதை உணரவுமில்லை. பெடோரா 34 2021 ஏப்ரிலிலும், உபுந்து 22.10 2022 ஒக்டோபரிலும் இதனை ஏற்றன. 2008இன் குழப்பம் மீளவில்லை. ஆயினும் இதனிடத்தும் ஒரு மயக்கம் உண்டு. சேவையத்தின் பெயர் யாதெனக் கட்டளையாற் கேட்பின், முதலிற் பல்ஸ்ஓடியோ என்றே கூறி, பைப்வயரின் மீது என்பதைப் பின்னர் அடைப்புக்குறியிற் சேர்க்கும். முதற்சொல்லோடு நின்றுவிடுவோர், கணினியில் இல்லாத சேவையத்தை மீளத் தொடக்கும் கட்டளையை வீணே அடித்துக்கொண்டிருப்பர். உட்கருவில் ஆல்சா இன்னும் இருப்பதனால், 'எம்எம்' குறியை நீக்கும் முதுபெரும் பரிகாரம் மட்டும் வழக்கொழியாது நிற்கிறது.

அண்மைக்கால மடிக்கணினிகளில் வேறொரு பழுது காணப்படுகிறது. உபகரணப் பட்டியலிற் கணினியின் ஒலியட்டைக்குப் பதிலாக 'டமி அவுட்புட்' என்னும் போலிப் பெயர் மட்டுமே தோன்றும். இன்ரெல் நிறுவனத்தின் செயலகத்தோடு கூடிய ஒலிச் சில்லுக்குத் தனியே ஒரு நிரல் ஏற்றப்படல் வேண்டும். அந்நிரற்பொதி நிறுவப்படாதிருத்தலே பெரும்பாலும் காரணம். பொதியை நிறுவிக் கணினியை மீளத் தொடக்கினால் ஒலி வரும். 'சவுண்ட் ஓப்பின் பேம்வெயர்' எனப்படும் அந்நிரலின் மூலம் எவரும் படிக்கத்தக்கதாய் வெளியிடப்பட்டுள்ளது. ஆனால் கடையில் விற்கும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவை, இன்ரெல் நிறுவனத்தின் மறைகுறி ஒப்பமிடப்பட்ட பிரதியை மட்டுமே ஏற்கும். நிரலைப் படித்துப் பிழையைக் கண்டு திருத்தியவர் அத்திருத்தத்தைத் தம் சொந்தக் கணினியில் ஏற்றிப் பார்க்க முடியாது. பொதுத் திறவுகோலால் ஒப்பமிட்ட பிரதியை ஏற்கும் குரோம்புக் கணினிகள் சிலவற்றில் மட்டும் அது இயலும்.