கொத்து அரிசியிலிருந்து உணவு முத்திரைக்கு: இலங்கையின் நலன்புரி அரசு பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

மனிதனின் பசிக்குப் பொறுப்பு யாருடையது என்ற வினாவுக்கு அரசு ஒரு விடையும் சந்தை வேறொரு விடையும் கூறி வந்துள்ளன. எவ்விடை எக்காலத்தில் மேலோங்கியது என்பதை வர்க்க சக்திகளின் பலாபலமே தீர்மானித்தது. இலங்கையின் அரிசிப் பங்கீட்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1942இல் பர்மா யப்பானியர் வசமாகி, அரிசி இறக்குமதி தடைப்பட்டபோது பங்கீடு தோன்றியது. யுத்தகால ஏற்பாடாகத் தொடங்கிய அது யுத்தம் முடிந்த பின்னரும் நிலைத்தமைக்குக் காரணம், 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை எனலாம். வாக்குப் பெற்ற மக்கள் கூப்பன் அரிசியை, 1945இன் இலவசக் கல்வியைப் போலவே, தமது உரிமையாகக் கருதலாயினர்.

கொரிய யுத்தம் ஏற்படுத்திய இறப்பர் விலையேற்றம் ஓய்ந்ததும், இவ்வுரிமை முதற் சோதனைக்கு உள்ளாயிற்று. 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன, 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசியின் விலையை 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் நடந்த ஹர்த்தால் நாட்டை உலுக்கியது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூட நேர்ந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். பின்வந்த கால் நூற்றாண்டுக்கு எந்த அரசும் பங்கீட்டை முற்றாக ஒழிக்கத் துணியவில்லை.

ஆயின் இந்நலன்புரி அரசின் அடித்தளத்தில் ஒரு முரண்பாடு இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. மானியத்துக்கான செல்வத்தின் பெரும்பகுதி தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் உபரியிலிருந்தே வந்தது. அவ்வுபரியை உற்பத்தி செய்த மலையகத் தொழிலாளரோ 1948இன் குடியுரிமைச் சட்டத்தாலும், அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்குரிமை இழந்திருந்தனர். உலகச் சந்தையில் தங்கியிருந்த பொருளாதாரத்தின் எல்லையும் விரைவில் வெளிப்பட்டது. 1973இல் தானிய விலைகள் ஏறியபோது பங்கீடு வெட்டப்பட்டது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர், ஹர்த்தாலை முன்னின்று நடத்திய லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. நலன்புரியின் செலவைச் சுமந்தோரே அதன் தளர்ச்சியால் முதலில் மடிந்தனர்.

1977இல் பதவியேற்ற அரசு சந்தையின் விடையைக் கொள்கையாக்கியது. 1978இல் பங்கீடு மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கென மட்டுப்படுத்தப்பட்டது. 1979 செப்டெம்பரில் உணவு முத்திரை அதன் இடத்தைப் பிடித்தது. வசதியுள்ளவனுக்கும் ஏன் மலிவு அரிசி என்ற வாதம் மேற்போக்கில் நியாயமானதே. மானியம் வரவுசெலவுத் திட்டத்துக்குப் பாரமாக இருந்ததும் உண்மையே. ஆனால் விளைவுகளை நோக்குவோம். முத்திரையின் பெறுமதி ரூபாவில் நிலையாக நிற்க, விலைகள் ஏறின. 1980களின் முற்பாதியில் அதன் வாங்குதிறன் ஏறக்குறைய அரைவாசியாகிவிட்டது. வருமானத்தை மறைக்க வழியுள்ளோர் முத்திரை பெற்றனர். சம்பளம் துரைமாரின் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்த தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் அதனை இழந்தனர்.

இவ்விழப்பு ஏன் மற்றொரு ஹர்த்தாலைத் தோற்றுவிக்கவில்லை? 1953இல் விலையேற்றம் துறைமுகத் தொழிலாளியையும் எழுதுவினைஞரையும் கமக்காரரையும் ஒருங்கே தாக்கிற்று. முத்திரையோ மக்களைப் பெறுவோர், பெறாதோர் எனப் பிரித்தது. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட பல்லாயிரவர் வேலைநீக்கம் செய்யப்பட்டதோடு தொழிற்சங்க பலமும் முறிக்கப்பட்டது. மொழியிலும் இம்மாற்றம் பதிந்துள்ளது: ‘பங்கீடு’ என்பதிற் பங்கு என்ற உரிமைக்குரல் உண்டு, பின்வந்த ‘நிவாரணம்’, ‘பயனாளி’ ஆகிய சொற்கள் கொடுப்பவனின் கருணையையே உணர்த்துகின்றன.

1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2022இன் நெருக்கடியை அடுத்து 2023இல் அஸ்வெசும என இத்திட்டங்களின் பெயர்கள் மாறின, ‘ஏழை யார்?’ என்று தெரிவு செய்யும் முறை தொடர்ந்தது. அஸ்வெசும பட்டியலுக்கு எதிராக இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் எழுந்தமை அத்தெரிவின் நியாயத்தை மக்கள் ஏற்கவில்லை என்பதைக் காட்டுகிறது. அவை தனித்தனி விண்ணப்பங்களாகவே எழுந்தன என்பதும் கவனத்துக்குரியது. அவற்றைப் பொதுக் கோரிக்கையாக ஒன்றிணைக்கும் பணியே முற்போக்கு இயக்கத்தின் முன் இன்று உள்ளது.